கூவத்தில் குப்பை அள்ளுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்களும் கல்லூரித் தோழிகளுமாகச் சேர்ந்து சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூவம் கரையில், சேத்துப்பட்டுப் பக்கம், குப்பை எடுத்துவருகிறோம். அனுமதி வாங்கித்தான் செய்கிறோம். மூட்டைகளை மாநகராட்சி வண்டி வந்து எடுத்துப் போகும்.

ஆரம்பத்தில் இருந்த உற்சாகம் இப்போது இல்லை. ஒரு வாரம் சுத்தம் செய்த இடத்துக்கு மறுவாரம் போனால் பழையபடி கிடக்கிறது. ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் நாங்கள் வேலை செய்த இடமே தெரிவதில்லை. என் அண்ணன் "ஃபோட்டோ போடத்தானே போறீங்க" என்று கிண்டல் செய்கிறான். கரையில் இருப்பவர்கள் கொட்டுவதை நிறுத்தாதவரை நாம் அள்ளி என்ன ஆகப்போகிறது என்று குழுவிலேயே பாதிப் பேர் கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இப்படிச் செய்து கூவத்தை மீட்க முடியுமா?

இன்னொரு விஷயம். ஒரு பள்ளி ஆசிரியை தன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எங்களோடு அழைத்துவர விரும்புகிறார். சேர்த்துக்கொள்ளலாமா?

கா.,
சென்னை

*

அன்புள்ள கா.,

இப்படிச் செய்து கூவத்தை மீட்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் நிறுத்தக் கூடாது என்றும் நினைக்கிறேன். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள்.

கூவம் கறுப்பாக ஓடுவதும் நாறுவதும் குப்பையால் அல்ல. கரையில் கிடக்கும் அத்தனை பிளாஸ்டிக்கையும் ஒரே நாளில் எடுத்துவிட்டாலும் மறுநாள் காலை அதே நிறம், அதே வாடை இருக்கும். அது சாக்கடை. பிராணவாயு இல்லாத சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்புவதைக் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். அழுகிய முட்டை வாடை அங்கிருந்துதான் வருகிறது.

ஆற்றில் ஆற்றுத் தண்ணீர் இல்லை என்பது அதற்கு முந்தைய சங்கதி. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு இது. கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிகிறது. கொசஸ்தலையில் வரும் நீரைப் பிடித்துவைக்கப் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது, 1944-ல் கட்டியது. கூவத்துக்கென்று வரும் நீரையும் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் மறித்து, புதிய பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அனுப்பிவிடுகிறோம். நாம் குடிக்கத்தான். வெள்ளக் காலம் தவிர்த்து, ஊருக்குள் கூவத்தில் ஓடுவது பெரும்பாலும் நாம் குளித்துக் கழுவி அனுப்பியதுதான். ஆற்றின் வாய் சரியாக இருந்தாலாவது கடல் ஏறி இறங்கி ஓரளவு அலசிவிடும். அதுவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டியபின் தெற்கிலிருந்து வரும் மணல் அங்கே தடுக்கப்பட்டுச் சேர ஆரம்பித்தது. மெரினா அகலமானது அப்படித்தான். நேப்பியர் பாலத்தருகே கூவத்தின் வாய் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்வதற்கும் அந்த மணல்தான் காரணம்.

ஆகவே அணைக்கட்டு, சாக்கடைக் குழாய், முகத்துவாரத்து மணல் மூன்றுமே உங்கள் சாக்குப் பைக்குள் அடங்காத விஷயங்கள். அரசாங்கம் செய்ய வேண்டியவை. உங்கள் குழு தன் பேரில் 'கூவம் மீட்பு' என்று போட்டுக்கொண்டிருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தப் பெயர் இருக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் தோற்றுப்போன மாதிரிதான் இருக்கும். (பதினெட்டாம் நூற்றாண்டு வள்ளல் பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்த கதையை இதற்குள் உங்கள் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதையும் கொஞ்ச நாள் ஒத்திப்போடலாம்.)

பிறகு எதற்காகப் போவது? என்ன கிடக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என்பேன். அந்தச் சேற்றைக் கையால் கிளறாத யாருக்கும் அது தெரியாது. நீங்களோ கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர்.

கரையோர முள்மரங்களின் வேரில் பழைய சேலை சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பாதி வரும், மீதி கிழிந்து சேற்றுக்குள் நிற்கும். ஈரமும் வண்டலும் ஏறி அது பிணம்போலக் கனக்கும். இரண்டு பேர் சேர்ந்து கத்தியால் அறுத்து எடுத்தால் அரை மூட்டை நிறைந்துவிடும். அந்த மடிப்பை உதறிப் பார்த்தால் உள்ளே ஷாம்பு பாக்கெட், பான் மசாலா உறை, சாம்பார் கட்டிக் கொடுத்த மெல்லிய கவர், மாத்திரை அட்டை, தெர்மகோல் மணிகள் எல்லாம் இருக்கும். பால் கவர் அவ்வளவு இருக்காது. பால் கவரைக் கழுவிச் சேர்த்து எடைக்குப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. எடைக்கு எடுப்பவர்கள் தொடாத பொருள்தான் ஆற்றுக்கு வருகிறது. சிப்ஸ் உறையைப் பாருங்கள், பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது, பிரிக்க முடியாது, யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் போட்டு ஏழை வீட்டுக்கும் கொண்டுபோன வியாபாரத்தில் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு என்பார்கள். நல்ல யோசனைதான், பொட்டலம் காலியான பின் எங்கே போகும் என்பதை மட்டும் நாம் யாரும் யோசிக்கவில்லை.

லண்டனில் தேம்ஸ் ஆற்றில் நடந்ததைச் சொல்கிறேன். தேம்ஸ்21 என்ற அமைப்பின் தன்னார்வலர்கள், ஹாமர்ஸ்மித் பாலத்தை ஒட்டிய பகுதிகளில் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குவார்கள். குழந்தைக்குத் துடைக்கும் வெட் வைப்ஸ் இருக்கிறதே, அது கழிவறை வழியாக ஆற்றுக்கு வந்து, சேற்றோடு சேர்ந்து கெட்டித்து, கரையில் மேடே உண்டாக்கியிருந்தது. அவர்கள் அதை அள்ளியதோடு நிற்கவில்லை. சதுர மீட்டர் குறித்து வைத்து வருடாவருடம் எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை நாடாளுமன்றம்வரை போனது. பிளாஸ்டிக் கலந்த வெட் வைப்ஸ் விற்பதற்கான தடை இங்கிலாந்தில் 2025-ல் சட்டமானது. சாக்கடை வழிந்து ஆற்றில் விழாமல் இருக்க 25 கிலோமீட்டர் நீளத்தில் பாதாளச் சுரங்கமும் கட்டி முடித்தார்கள். அது தனியார் முதலீடும் மக்கள் கட்டும் தண்ணீர்க் கட்டணமும் சேர்ந்த பணம், பெரிய பொறியியல் வேலை, தன்னார்வலர்களின் சாதனை அல்ல. ஆனால் வைப்ஸ் என்று ஒரு பிரச்சினை இருப்பதை ஊருக்குக் காட்டியதில் எண்ணியவர்களுக்குப் பங்கு உண்டு.

உங்களுக்கு நான் சொல்வதும் அதுதான். கரை நெடுகச் சுத்தம் செய்வதை விடுங்கள். பத்தடிக்குப் பத்தடி ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் கிடப்பதை மட்டும் எடுத்து, தார்ப்பாயில் பரப்பி, வகை பிரித்து எண்ணி எழுதுங்கள். கம்பெனிப் பெயர் தெரிந்தால் அதையும் குறியுங்கள். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், தங்கள் பொட்டலக் கழிவுக்குத் தயாரிப்பாளர்களையும் பொறுப்பாக்குகின்றன. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை செய்த கவரும் டம்ளரும் உங்கள் பத்தடியில் எத்தனை கிடந்தன என்று மாதம் ஒரு தாள் வார்டு கவுன்சிலர் கைக்குப் போகட்டும். 'ஒரு டன் அகற்றினோம்' என்ற செய்தியைவிட அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். டன் கணக்கில் பாதி சேறும் தண்ணீரும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது, மேலே போய்ப் பாருங்கள். விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய் கூவத்தில்தான் வந்து விழுகிறது. அதுபோல எத்தனையோ மழைநீர் வடிகால்கள். மழைக்கு மறுநாள் ஒரு வடிகால் வாயில் நின்றால் எந்தத் தெருவின் குப்பை வருகிறது என்று தெரியும். ஆற்றின் குறுக்கே மிதவைத் தடுப்புப் போட்டு, ஒதுங்கும் குப்பையை இயந்திரத்தால் அள்ளும் ஏற்பாட்டைக் கூவத்தில் மாநகராட்சியும் செய்துபார்த்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே வந்து ஒதுங்குவது ஏற்கெனவே ஆற்றுக்கு வந்துவிட்ட குப்பை. ஒரு தெருவில், ஒரு வடிகால் வாயில் கம்பித் தடுப்பு வைக்கச் சொல்லி வாங்கிவிட்டால் அது உங்கள் பல ஞாயிறுகளுக்குச் சமம்.

கரையில் இருப்பவர்கள் கொட்டுகிறார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கூவம் கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரின் தென்கோடியில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளி போயிற்று, பெண்களுக்கு வீட்டு வேலை போயிற்று. குப்பை மட்டும் இங்கேயே இருக்கிறது. மிச்சம் இருப்பவர்களும் கொட்டுகிறார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் சந்துக்குள் குப்பை வண்டி நுழைகிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்புறம், நீங்கள் எடுத்த மெத்தை, சோபா, கட்டிட இடிபாடு எல்லாம் குடிசை வீட்டிலிருந்தா வந்தன? பூஜைப் பூவைக் கவரில் முடிச்சுப் போட்டுப் பாலத்திலிருந்து எறிபவர் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வருகிறார். அதற்காகத்தான் பாலங்களில் உயரமாகக் கம்பி வலை அடித்திருக்கிறார்கள். வலைக்கு மேலே எறியவும் நம்மவர்களுக்குக் கை எட்டுகிறது.

அண்ணன் கிண்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபோட்டோ போடுங்கள், தப்பில்லை. கட்டி வைத்த மூட்டைகளோடு சிரித்துக்கொண்டு நிற்பதை மட்டும் போடாமல், பரப்பி வைத்த குப்பையைப் படிக்கிற மாதிரிக் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். வண்டி வராத ஞாயிறுகளில் என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூட்டையைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போனால் ராத்திரியே நாய் கிழித்துவிடும், மாடு மேயும், அடுத்த மழை அத்தனையையும் ஆற்றில் இறக்கிவிடும். வண்டி நிச்சயமில்லை என்றால் அன்றைக்கு அள்ளவே வேண்டாம், எண்ணிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னும் இரண்டொரு விஷயம். தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது, முழங்கால் அளவுகூட வேண்டாம். சேற்றில் ஊசி இருக்கும், உடைந்த பாட்டில் இருக்கும், எலிக்காய்ச்சல் வரலாம். கம் பூட்ஸ், தடித்த கையுறை, நீளமான இடுக்கி இல்லாதவர் கரை மேட்டில் உட்கார்ந்து எண்ணிக்கை எழுதட்டும். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எல்லாரும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கோரையையும் நாணலையும் அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கிப் போடுகிற ஆர்வக்கோளாறு எல்லாக் குழுவிலும் ஒருவருக்கு உண்டு, அவரைக் கொஞ்சம் தடுங்கள். அந்தச் சாக்கடையிலும் பவளக்கால் உள்ளான் சிவந்த கால்களோடு நின்று மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஒதுங்க இடம் வேண்டும்.

முக்கியமாக, அந்த வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர்களிடம் பேசுங்கள். எந்த இடத்தில் எப்போது யார் கொட்டுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வாரத்தில் மற்ற நாட்களில் இதையே செய்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு நல்ல கையுறை கிடைக்கிறதா என்று கேட்பதும் உங்கள் வேலையில் சேர்த்திதான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேத்துப்பட்டுக்கு அழைத்துவர வேண்டாம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அந்த ஆசிரியையிடம் இப்படிச் சொல்லிப்பாருங்கள்: வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பிள்ளைகளைத் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கூவம் கிராமத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போகட்டும். திருவிற்கோலம் என்று சம்பந்தர் பாடிய தலம் அது. ஆற்றுக்கு ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்று அங்கே விளங்கும். நகரத்துக்கு வெளியே ஆறு எப்படி இருக்கிறது என்று கரையில் நின்று பார்க்கட்டும். வரும் வழியில் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டையும் காட்டலாம். இன்னொரு நாள் மெரினாவில் மணலில் கிடப்பதை, கையுறை போட்டுக்கொண்டு, உங்கள் படிவத்திலேயே எண்ணட்டும். ஆறு கொண்டுவந்து தள்ளியதும் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும், ஆபத்தும் குறைவு.

எண்ணுவதற்கான படிவம் ஒன்றைத் தமிழில் நீங்களே போட்டு அனுப்புங்கள். கட்டங்கள் போடுவது உங்களுக்குக் கைவந்த வேலை. பார்த்துவிட்டு இந்தத் தளத்தில் வெளியிடுகிறேன். வைகைக் கரையிலும் நொய்யல் கரையிலும் இருக்கிற நண்பர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அன்புடன்