டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையை டைப்பிங் கிளாஸில் சேர்க்கலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் மகனுக்கு 9 வயது. சி.பி.எஸ்.இ. பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். போன வருடம் பரிசோதனை செய்து டிஸ்லெக்சியா (படிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) என்று சொன்னார்கள். கேள்வி கேட்டால் வாயால் உடனே பதில் சொல்கிறான். எழுதச் சொன்னால் இரண்டு வரியில் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான். எங்கள் தெருவிலேயே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆங்கிலமா, தமிழா? பெரிய தேர்வில் கம்ப்யூட்டர் அனுமதிப்பார்களா?"

டைப்பிங் கண்டிப்பாகக் கற்றுக்கொடுங்கள். அந்த இன்ஸ்டிடியூட்டில் மட்டும் இப்போது சேர்க்க வேண்டாம்.

அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் அரசு டைப்ரைட்டிங் தேர்வில் லோயர், ஹையர் நிலைகளைப் பாஸ் செய்யப் போகிறவர்கள். அவர்களுக்கு வேகம்தான் இலக்கு. முதல் பாடமே 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று பொருளில்லாத எழுத்து வரிசையைப் பக்கம் பக்கமாக அடிப்பது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் பிடிக்கவே திணறும் பிள்ளைக்கு, எந்தச் சொல்லாகவும் ஒலிக்காத வரிசை எதையும் கற்றுத் தராது. பழைய மெஷினாக இருந்தால் 9 வயதுச் சுண்டுவிரலுக்கு அதை அழுத்தும் பலமும் இருக்காது.

டைப்பிங் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் மகன் ஒரு சொல்லை எழுதும்போது அதன் ஒலிகளைப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எழுத்தைத் தேட வேண்டும், அந்த எழுத்தின் வடிவத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று யோசிக்க வேண்டும், கோட்டை விட்டு இறங்காமல் எழுத வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில். அதற்குள் சொல்ல வந்த விஷயம் மறந்துபோகிறது. விசைப்பலகை இதில் வடிவம், திசை, கோடு ஆகிய மூன்று சுமைகளை இறக்கிவைக்கிறது. ஒலியைப் பிரிப்பதும் எழுத்தைத் தேடுவதும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குச் சிறப்பாசிரியரின் ரெமடியல் (குறைதீர் பயிற்சி) வகுப்புதான் வழி. டைப்பிங்கில் சேர்த்தாயிற்றே என்று தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் ஒலியோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்தால், எழுத்துக்கூட்டலை விரலும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளும். என்னிடம் படித்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தில் பி (b), டி (d) இரண்டும் எப்போதும் மாறிப்போகும். விசைப்பலகையில் டி இடது நடுவிரலில், நடு வரிசையில் இருக்கிறது. பி-க்கு ஆள்காட்டி விரல் கீழ் வரிசைக்கு இறங்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் தெரிகிற இரண்டும் கைக்கு வெவ்வேறு அசைவுகள். மூன்று மாதம் கழித்து ஒருநாள் நோட்டில் 'பெட்' (bed) என்று எழுத வந்தவள், கடைசி எழுத்துக்கு முன்னால் பென்சிலை நிறுத்தி, இடது நடுவிரலால் மேஜையை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு சரியாக டி போட்டாள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு நாளைக்கு 10 நிமிடம், அதிகம் போனால் 15, வாரத்தில் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட இது பலமடங்கு நல்லது. கால் தரையில் பட வேண்டும். எட்டாவிட்டால் ஒரு பலகையைப் போடுங்கள். எஃப், ஜே விசைகளில் உள்ள சின்ன மேட்டை முதலில் கண்ணை மூடித் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விசைகளில் பெரிய எழுத்துதான் அச்சாகியிருக்கும். படிப்பதோ சின்ன எழுத்தில். இந்த மாற்றமே சில பிள்ளைகளைக் குழப்பும், அதனால் சின்ன எழுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிடுங்கள். விசைகளைத் துணியால் மூடி, பார்க்காமல் அடி என்று மிரட்ட வேண்டாம். எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று வண்ணம் தீட்டிய படத்தைக் கண்ணுக்கு நேரே ஒட்டினால், தலை தானாக நிமிரும்.

ரெமடியல் வகுப்பில் அந்த வாரம் எந்தச் சொற்கள் நடக்கின்றனவோ அவற்றையே டைப்பிங்குக்கும் எடுங்கள். ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், முடிந்ததும் முழுச் சொல்லையும் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் அந்த எழுத்தை மட்டும் திருத்தாமல் சொல்லை முதலிலிருந்து அடிக்கட்டும். விரல் நினைவில் வைப்பது முழு அசைவைத்தான். கடிகாரம் ஓடுகிற விளையாட்டுகள் வேண்டவே வேண்டாம். வகுப்பில் தினமும் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் பிள்ளைகள் பாதி சோர்ந்துபோயிருக்கிறார்கள்.

பள்ளி ஆங்கில வழி என்பதால் ஆங்கிலத்தில் தொடங்குங்கள். விரல்கள் பழகிய பிறகு, சில மாதம் கழித்துத் தமிழ். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் இரண்டும் குழம்பும். தமிழுக்கு வரும்போது, ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்துத் தமிழாக மாற்றும் முறைக்குப் போகாதீர்கள். தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கில ஸ்பெல்லிங் யோசிப்பது அவனுக்கு இரட்டைச் சுமை. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள், விண்டோஸிலேயே இருக்கிறது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே விசைகள். புள்ளி தானாக விழும். 'கொ' எழுதும்போது கையால் முதலில் கொம்பு போட்டு, பிறகு க, பிறகு கால் போடுகிறோம். காதில் விழும் வரிசை ஒன்று, கண்ணில் படும் வரிசை வேறு. தமிழ்99-இல் க, ஒ, அவ்வளவுதான். சொல் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே விரல் போகிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நம் பள்ளிகள் இன்னும் உணரவில்லை என்பது என் வருத்தம்.

அப்புறம், தேர்வு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. எட்டு வயதுக்கு மேல் சான்றிதழ் பெறலாம். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ.யில் 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம். 2018 முதல், மருத்துவச் சான்றின் பரிந்துரை இருந்தால் கம்ப்யூட்டரிலும் பதில் அடிக்கலாம். கம்ப்யூட்டரை நீங்கள்தான் ஃபார்மட் செய்து கொண்டுபோக வேண்டும், இணைய இணைப்பு இருக்கக் கூடாது. மாநிலப் பாடத்திட்டத்தில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவைதான் வழக்கமான சலுகைகள். பின்னால் பள்ளி மாற்றுவதாக இருந்தால் இதை மனதில் வையுங்கள். எதுவானாலும் ஒன்பதாம் வகுப்புப் பதிவின்போதே பள்ளியிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

எப்போது வகுப்பில் கீபோர்டுக்கு மாறலாம் என்று தெரிய ஒரு சின்னச் சோதனை போதும். தெரிந்த பாடத்திலிருந்து ஒரு பத்தியை ஐந்து நிமிடம் கையால் எழுதச் சொல்லிச் சொற்களை எண்ணுங்கள். மறுநாள் வேறு பத்தியை ஐந்து நிமிடம் டைப் செய்யட்டும். தேதியோடு ஒரு நோட்டில் குறித்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். டைப்பிங் கையெழுத்தைத் தாண்டும்வரை அது வீட்டுப் பயிற்சியாகவே இருக்கட்டும். தாண்டிய பிறகு அந்த நோட்டையே வகுப்பாசிரியரிடம் காட்டி, வீட்டுப்பாடத்தை அடித்துக் கொடுக்க அனுமதி கேளுங்கள்.