அன்பியத்தில் எழுதிய தீர்ப்பு

கேள்வி: எனக்கு வயது 33. திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முனீஸ்வரன் கோயில் தெருவில் என் கணவர் பழம்பொருள் கடை வைத்திருக்கிறார். எனக்கு இரண்டு கருக்குழாயிலும் அடைப்பு, சோதனைக்குழாய் முறைதான் வழி என்று மதுரையில் மருத்துவர் சொல்லிவிட்டார். போன மாதம் எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது மூத்த அக்கா ஒருவர், "அது சாவான பாவம். அப்படிப் பிறக்கிற பிள்ளைக்குச் சாபம் உண்டு. செய்துகொண்டவர்கள் நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாது" என்றார். மாமியார் புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய ஓரியூர்ச் செம்மண்ணைக் கொண்டுவந்து என் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, "பொறு" என்கிறார். பக்கத்து வீட்டு நகரத்தார் ஆச்சி, "எங்களில் பிள்ளை கூட்டிக்கொள்வோமே (தத்தெடுப்போமே), அதில் என்ன குறை?" என்கிறார். கணவர் எதுவும் பேசுவதில்லை. கடைக்கு வந்த தேக்குத் தொட்டில் ஒன்றைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார். விற்கவும் இல்லை. நாங்கள் நினைப்பது பாவமா? இப்படிக் கேட்பதே விசுவாசக் குறைவா?

– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு நெடுநாள் பழக்கமான கேள்வி.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி. புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்ட வரலாற்றை உபதேசியார் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்கிறார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும் என்கிறார் அருளானந்தர். அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவுப் பெண். அவள் போய் அரண்மனையில் முறையிட, வழக்கு ஓரியூர் மணல்மேட்டில் போய் முடிகிறது. நான் எழுந்து, "அனுப்பிவிட்ட மற்றப் பெண்கள் அப்புறம் சோற்றுக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்டேன். புனிதர் கதையில் குறுக்குக் கேள்வியா என்று உபதேசியார் என்னை வெளியே வேப்பமரத்தடியில் முழந்தாளிட வைத்துவிட்டார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த வயதான பங்குச்சாமியார், என்ன தப்புச் செய்தாய் என்று விசாரித்தார். சொன்னேன். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என் கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போய், "உபதேசியாரே, இவள் கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?" என்றார். உபதேசியார் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். அந்தச் சாமியார் கடைசிவரை ஆண்டுதோறும் ஓரியூருக்கு நடந்தே போனவர். நானும் இன்றுவரை போகிறேன். அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று அங்கே நின்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். செம்மண்ணும் எடுத்து வருகிறேன். ஆகவே உங்கள் தலையணைக்கடியில் இருப்பது இருக்கட்டும், அதை வைத்துக்கொண்டே கேள்வியும் கேட்கலாம்.

இனி முதல் கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபை சோதனைக்குழாய் முறையை ஏற்கவில்லை. கருமுட்டையும் விந்தணுவும் கணவன் மனைவியின் சொந்தமே என்றாலும் ஏற்கவில்லை. 1987இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலில் இது தெளிவாக இருக்கிறது. அங்கே சொல்லப்படும் காரணங்களில் இரண்டு முக்கியமானவை. குழந்தை என்பது தாம்பத்திய உறவின் வழியே பெற்றுக்கொள்ளும் கொடை, ஆய்வகத்தில் செய்து வாங்கும் பொருளாக அது ஆகிவிடக் கூடாது என்பது ஒன்று. தேவைக்கு மேல் கருக்களை உண்டாக்கி, மிஞ்சியதை உறைய வைப்பதும் அழிப்பதும் மனித உயிருக்குச் செய்யும் அநீதி என்பது இன்னொன்று. மருந்தோ அறுவையோ கொண்டு உடலின் குறையைச் சரிசெய்வதற்குத் திருச்சபை தடை சொல்வதில்லை. அடைப்பையே நீக்கும் அறுவை சிகிச்சைக்கு உங்கள் நிலையில் இடம் உண்டா என்று மருத்துவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த முறை போகும்போது கேட்டுவிடுங்கள்.

என் மனத்தையும் ஒளிக்காமல் வைத்துவிடுகிறேன். இரண்டாவது காரணம் எனக்கு நன்றாக உறைக்கிறது. முதலாவது காரணத்தைப் பல முறை படித்துவிட்டேன், இன்னும் முழுத் தெளிவு வரவில்லை. ஏழு ஆண்டுகள் சேர்ந்து அழுத கணவனும் மனைவியும் மருத்துவமனைக்குப் போவதில் அன்பு எந்த இடத்தில் குறைந்துபோகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் புரியவில்லை என்பதற்காக அது தவறான போதனை என்று தள்ளிவிடவும் நான் தயாரில்லை. என்னைவிடப் படித்தவர்கள் யோசித்து எழுதியது. படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் சாபம் என்ற சொல்லை உங்கள் அன்பியத்து அக்கா எங்கிருந்து எடுத்தார்? அதே 1987ஆம் ஆண்டு அறிவுறுத்தல், எந்த முறையில் கருவானாலும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் கடவுளின் கொடையாக ஏற்று அன்போடு வளர்க்க வேண்டும் என்கிறது. திருச்சபை வேண்டாம் என்பது முறையை மட்டுமே, குழந்தையை அன்று. பிறவிக் குருடனைக் காட்டி, "இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா?" என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னதை யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் நாம் கோயிலில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு, கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போதே மறுபடி யார் பாவம் என்று தேடுகிறோம். நன்மை வாங்கும் விஷயமும் அப்படித்தான். இதற்காக ஒருவரைத் திருச்சபையிலிருந்து விலக்கும் தண்டனை திருச்சபைச் சட்டத்தில் இல்லை. மனச்சான்றை உறுத்துவது எதுவானாலும் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் பேச வேண்டியது. அன்பியத்தில் தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பெழுத முடியாது.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தாள். அவளுடைய தாய்க்கும் உங்களைப் போலவே கருக்குழாய் அடைப்புதான். உலகமே கூச்சலிட்டுக்கொண்டிருந்த அந்த நாள்களில் வெனிஸ் நகரப் பேராயர் அல்பினோ லூச்சியானியிடம் பத்திரிகையாளர்கள் கருத்துக் கேட்டார்கள். அதுவரை திருச்சபை சொல்லிவந்த நெறியை விட்டு விலகத் தமக்குக் காரணம் தெரியவில்லை என்று சொன்ன அவர், குழந்தைக்கு மனமார வாழ்த்துச் சொன்னார். பெற்றோரைக் கண்டிக்கத் தமக்கு உரிமை இல்லை, நல்ல எண்ணத்தோடு செய்திருந்தால் கடவுள் முன் அவர்களுக்குப் பேறுகூட இருக்கலாம் என்றார். அடுத்த சில வாரங்களில் அவரே முதலாம் யோவான் பவுல் என்ற பெயரில் திருத்தந்தையானார். ஒரே வாயால் 'இந்த முறை எனக்குச் சரியாகப் படவில்லை' என்றும் 'உங்களைத் தீர்ப்பிட நான் யார்' என்றும் சொல்ல அவருக்கு முடிந்தது. உங்கள் அக்காவிடம் சண்டை போடாமல் இந்தக் கதையை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

அடக்கம் இல்லாமை கோயில்காரர்களின் தனிச்சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா என்ற குழந்தை பிறந்தது. படித்த மருத்துவர்கள் குழுவாகக் கூடி அவரை விசாரித்து, பொய் சொல்கிறார் என்று ஒதுக்கினார்கள். அவமானம் தாங்காமல் 1981இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் செய்தது உண்மைதான் என்று பின்னால் ஒப்புக்கொள்ளப்பட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இரண்டு தரப்புக்குமே குறைச்சல்தான்.

இப்போது கைக்கெட்டிய காரியத்துக்கு வருவோம். மருத்துவமனையில் உங்கள் முன் ஒப்புதல் படிவம் வைப்பார்கள். பல பக்கம் இருக்கும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மிஞ்சும் கருக்களை என்ன செய்வது என்று அதில் கட்டம் இருக்கும். நர்ஸ், "இங்கே ஒரு டிக் போடுங்கள் அம்மா" என்று பேனாவை நீட்டுவார். பெரும்பாலோர் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் அந்த இடத்தில் நில்லுங்கள். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி உறைய வைத்த கருவைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதன்பின் அழியவிட வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குத் தர வேண்டும். ஐந்து கரு உண்டாகி ஒன்று குழந்தையாக மடியில் இருக்கும்போது, மீதி நான்கைப்பற்றி ஒரு நாள் தபால் வரும். அந்த நாளை இன்றைக்கே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். 2008இல் வத்திக்கான் வெளியிட்ட அடுத்த அறிவுறுத்தல், கைவிடப்பட்ட உறைகருக்கள் தீர்க்கவே முடியாத ஓர் அநீதி நிலை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. உள்ளே போனபின் நல்ல வழி இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். எனவே எத்தனை முட்டையைக் கருவாக்குவது என்பதை முன்கூட்டியே பேச வேண்டும். கருப்பையில் வைக்கப்போகும் அளவுக்கு மட்டும் கருவாக்குங்கள் என்று கேட்கும் தம்பதிகள் உண்டு. வெற்றி வாய்ப்புக் குறையும், செலவு கூடலாம். மருத்துவர் முகம் சுளிக்கவும் கூடும். கேட்பது உங்கள் உரிமை. திருச்சபையின் மறுப்பு இதனால் நீங்கிவிடாது. மிஞ்சிய கருக்களைப் பற்றிய பாரம் மட்டும் உங்கள் வீட்டுக்கு வராது.

ஆச்சி சொன்னதைத் தட்டிவிடாதீர்கள். நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டுவதை வெட்கமாக நினைப்பதில்லை. ஊரைக் கூட்டி, விருந்து வைத்துச் செய்கிறார்கள். குழந்தை இல்லாதவளைப் பார்த்து, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று வயிற்றை உற்றுப் பார்க்கும் நம் கோயில் வாசலைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அவர்களுக்குப் பொருந்தும் 1956ஆம் ஆண்டுத் தத்துச் சட்டம் நமக்குப் பொருந்தாது. கிறிஸ்தவர்கள் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ்தான் தத்தெடுக்க வேண்டும். விண்ணப்பம் இணையம் வழியே. முடிவில் ஆணை தருபவர் மாவட்ட ஆட்சியர். காத்திருப்பு நீளம். தத்துப் பிள்ளை என்பது முதல் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஏறும் அடுத்த பஸ் அன்று. அந்தக் குழந்தையே வேண்டும் என்று மனம் நிறையும்போது மட்டும் அந்த வழியில் போங்கள்.

பங்குத்தந்தையிடம் கேட்கப் பயம் என்றால் சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்தை ஒரு முறை வாசியுங்கள். பிள்ளை இல்லாத அன்னா ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுதுகொண்டிருக்கிறாள். குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துத் திட்டுகிறார். அவள் ஓடிவிடவில்லை. "நான் குடிக்கவில்லை, என் மனப்பாரத்தைக் கொட்டுகிறேன்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிறாள். ஏலி தம் பேச்சை மாற்றிக்கொண்டு ஆசி கூறி அனுப்புகிறார். உங்கள் பங்குத்தந்தை முதல் வாக்கியத்தில் தவறாகப் புரிந்துகொண்டாலும் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். மாமியாரையும் கூடவே கூட்டிப் போனால் நல்லது. கேட்டதை வீட்டில் வந்து நீங்கள் மறுபடி சொல்ல வேண்டியிருக்காது.

முடிவு உங்கள் இருவருடையது. நான் செய், செய்யாதே என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த அக்காவுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் இருவருடையது என்று எழுதும்போது எனக்கு ஒன்று இடிக்கிறது. கடிதம் முழுக்க உங்கள் கணவர் பேசவே இல்லை. அவருக்கும் பரிசோதனை ஆயிற்றா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. இரவில் வேண்டாம், கடை அடைக்கும் நேரத்தில் போய் அவர் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். படிவத்தில் வரும் அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்.

தொட்டிலை விற்பதும் விற்காததும் அவர் இஷ்டம். சாக்கை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் சாக்கில் ஈரம் ஏறினால் பித்தளைக் குமிழ்கள் பச்சை பூத்துவிடும், அதைப் புளி போட்டுத் தேய்ப்பது பெரிய வேலை.