வெளியாரின் திருத்தங்களுக்கு மட்டும் சோதனை தோல்வியடைவது குறித்து

நீங்கள் அனுப்பும் நிரல் திருத்தங்கள் தானியங்கிச் சோதனையில் தேற, முல்லைத்தீவு மாணவி ஒருவர் அனுப்பியது மட்டும் ஏன் தோல்வியடைகிறது என்று கேட்டிருந்தீர்கள். அவரது திருத்தத்தில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை; போர்க்கிலிருந்து (பங்களிப்பாளர் தம் கணக்கில் எடுத்த களஞ்சிய நகலிலிருந்து) வரும் புல் ரிக்குவெஸ்டுகளுக்கு (திருத்தத்தை இணைக்கக் கோரும் வேண்டுகோள்களுக்கு), சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் அக்சன்ஸ், வெளிச் சேவைகளை அணுகுவதற்கான உங்கள் இரகசியச் சாவிகளைக் கொடுப்பதில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கிளிநொச்சியிலிருந்து நீங்கள் அனுப்புபவை மூலக் களஞ்சியத்தின் கிளையிலிருந்தே செல்வதால் அவற்றுக்குச் சாவி கிடைக்கிறது. அவருடையதில் அது வெறுமையாக இருப்பதால், வெளிச் சேவையொன்றிலிருந்து இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பெறும் சோதனை, செல்லுபடியான சாவி இல்லை எனும் 401 பிழையுடன் நின்றுவிடுகிறது.

இதை உறுதிசெய்ய, இரண்டு ஓட்டங்களின் பதிவுகளிலும் அந்தப் படியை விரித்துப் பாருங்கள். உங்களுடையதில் சாவியின் பெயருக்கு எதிரே மூன்று நட்சத்திரக் குறிகள் இருக்கும். அவருடையதில் ஒன்றும் இராது. ஐயம் தீராவிடின், வேறொரு கணக்கின் போர்க்கிலிருந்து ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்புங்கள். அதுவும் அதே இடத்தில் விழும்.

நீர்மட்டத்தைத் தரும் அச்சேவையின் பதிலொன்றை முன்கூட்டியே கோப்பில் சேமித்து, புல் ரிக்குவெஸ்டுகளை அதைக் கொண்டு சோதிப்பதே என் பரிந்துரை. உண்மையான சேவையை அழைக்கும் சோதனையை, திருத்தம் பிரதான கிளையில் இணைந்த பின்னர் ஓட்டலாம். வன்னியில் இணைப்பு அறுந்த வேளையிலும் பங்களிப்பாளர் தம் கணினியிலேயே சோதிக்க முடிவது இதன் மேலதிக இலாபம்.

சோதனையைத் தொடக்கும் நிகழ்வை, மூலக் களஞ்சியத்தின் உரிமைகளுடன் ஓடும் "புல் ரிக்குவெஸ்ட் டார்கெட்" நிகழ்வுக்கு மாற்றினால் சரியாகும் என்று யாரேனும் சொல்லக்கூடும். சாவி கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்த நிகழ்வின் கீழ் அறிமுகமற்றவரின் நிரலை இறக்கி ஓட்டினால், அந்நிரல் சாவியை வெளியே அனுப்பிவிட இயலும்.

சோதனை தொடங்காமலே காத்திருந்தால் அது வேறு விடயம்: முதன்முறை பங்களிப்பவரின் ஓட்டத்துக்கு உங்கள் ஒப்புதல் தேவைப்படும்.