வீட்டில் சௌராஷ்டிரமும் தமிழும் பேசுகிறோம்; பிறந்த குழந்தைக்குக் காது சோதனை அவசியமா?

அவசியம்தான். "ரெண்டு மொழி கேட்குது, அதான் பேச்சு வரலை" என்று மதுரை வீடுகளில் சமாதானம் சொல்லியே ஒரு வருடம் ஓடிவிடும். இரண்டு மொழி கேட்பதால் காது மந்தமாகாது. கைதட்டினால் திரும்புகிறதே என்பதும் சோதனை ஆகாது. அசைவைப் பார்த்துக்கூடக் குழந்தை திரும்பும்.

தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். உட்செவி திருப்பி அனுப்பும் ஒலியைக் கருவி பதியும். வலியே இல்லை, சில நிமிட வேலை. தேறாவிட்டால் பதற வேண்டாம், பிறந்த புதிதில் காதில் நீர் இருந்தாலும் அப்படி வரும். ஆனால் மறுசோதனையை விடாதீர்கள். 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது கணக்கு. வீட்டுப் பெரியவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லுங்கள் (போக வேண்டாம் என்று தடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்!). மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம்.