கடலடியில் குழிகளைத் தோண்டுவது யார்?

மட்டக்களப்பு வாவிச் சேற்றை மிதித்தால் குமிழி வருகிறதே, ஆழ்கடலிலும் அப்படி நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும், அங்கே தரையின் உருவமே மாறிவிடும்.

சோற்றில் கஞ்சி வற்றும்போது ஆவி வெளியேறிய இடமெல்லாம் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலடியிலும் ஏறக்குறைய அதேதான். மேலே வண்டல் குவியக் குவிய, அடியில் சிக்கிய நீர் பிழியப்படுகிறது. மக்கிய உயிர்ப்பொருளிலிருந்து மீத்தேன் பிறக்கிறது. அழுத்தம் தாங்காமல் இவை வெடிப்புகள் வழியே மேலேறும்போது மென்சேற்றையும் கிளப்பிவிடுகின்றன. கிளம்பிய சேற்றை நீரோட்டம் இழுத்துச் செல்ல, குழி மிஞ்சுகிறது. சில மீட்டர் முதல் பல நூறு மீட்டர் வரை அகலமானவை உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் கண்ட இத்தகைய குழிகளை 1970இல் கிங், மக்லீன் என்ற இருவர் விவரித்தார்கள்.

குழி மட்டுமல்ல, மேடும் உண்டு. சேறே பொங்கி வழிந்தால் சேற்று எரிமலை. எனக்கு இதைவிட வியப்பானது வேறொன்று: மீத்தேனை உண்ணும் நுண்ணுயிர்களின் வேலையால் சுண்ணாம்புப் பாறை உருவாகி, வெறும் சேற்றுத்தரை கல்தரையாகிவிடுகிறது. பிறகு சிப்பிகளும் குழாய்ப்புழுக்களும் அங்கே குடியேறுகின்றன.

உங்கள் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் 'பாடும் மீன்' ஓசைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.