டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா?

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஓர் அக்கா விற்ற நைட் கிரீமை நான்கு மாதமாகப் பூசுகிறேன். முகம் பளிச்சென்று ஆனது. இப்போது காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், பாதமும் வீங்குகிறது. டப்பாவில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. - 22 வயது வாசகி, சேலம்

பதில்: பூசுவதை இன்றே நிறுத்துங்கள், டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று நாளைக்கே பரிசோதித்து, டப்பாவோடு சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். கிரீம் பூசியதைச் சொல்ல நீங்கள் கூச வேண்டியதில்லை, விற்றவர்தான் கூச வேண்டும்.

இந்த விலாசமில்லாத கிரீம்கள் என்றால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். சில வாரத்தில் நிறத்தை மாற்றுகிறது என்றால் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்குமென்று சந்தேகப்படுங்கள். பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும், அந்தப் பளபளப்பு அதனால்தான். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டி பழுதாகி வந்த 22 பேரில் 15 பேருக்கு ஒரே அபூர்வ வகைப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள், அதனால் பயந்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

2020 அழகுசாதன விதிகளின்படி முகக் கிரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. டப்பாவில் தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். பொருட்காட்சியில் நான் வாங்கிய 'மூலிகைக் கண்மை'யில் விற்றவரின் செல் நம்பர் மட்டும் இருந்தது. அதுவும் ஸ்விட்ச் ஆஃப்!

பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அக்காவுடன் பேசிய மெசேஜ் எதையும் அழிக்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள்.

கேள்வி: பருவுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூப். பூசாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது. - கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ட்யூப்பில் மொமெட்டாசோன், பீட்டாமெதசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு. நாள்பட்டால் தோல் மெலியும், பரு பெருகும், முகத்தில் முடிகூட முளைக்கும். எப்படி விடுவது என்பதைத் தோல் மருத்துவர் சொல்லட்டும். இதில் உங்களைவிடக் கடைக்காரர் மேல்தான் தப்பு. 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது.

கேள்வி: கறுப்பு மருதாணி கோன் போட்டுக் கை முழுக்கக் கொப்புளம். மருதாணியே ஒத்துக்கொள்ளாதோ? - மதுரை

பதில்: மருதாணி பாவம், விடுங்கள். அது செம்பழுப்பாகத்தான் பிடிக்கும், அதற்கும் மணிக்கணக்காகும். அரை மணியில் கறுத்தால் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கும். கொப்புளத்தை டாக்டரிடம் காட்டுங்கள். இனி தலைக்கு டை அடித்தாலும் உங்களுக்கு ஆபத்து, ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: நாளை மறுநாள் நிச்சயதார்த்தம். தள்ளுபடியில் வாங்கிய, தோலை உரிக்கும் பீலிங் சீரத்தை இன்று முதல்முறையாகப் போடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: காலாவதி தேதி மேல் ஸ்டிக்கர் ஒட்டிய லிப்ஸ்டிக், பாதி விலை. பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது உதடு வெடிக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பார்த்துமா வாங்கினீர்கள்? சரி, ஸ்டிக்கர் ஒட்டியது கடைக்காரர் குற்றம்தான். பில்லோடு போய்க் கேளுங்கள், மறுத்தால் அதே 1915. பில்லும் வாங்கவில்லை என்றால், அடுத்த கடிதம் எனக்கு எழுதாதீர்கள்.