செல் சிக்னல் என்றால் டவர் இல்லை, அண்ணாச்சி

அண்ணாச்சி, வணக்கம்.

போன வாரம் ஃபோனில், "பொண்ணு செல் சிக்னல் படிக்கப் போறேங்கா, டவர் கம்பெனி வேலைக்கா டாக்டர் படிப்பை விடுறது?" என்று கேட்டீர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டே பேசினீர்கள். அந்த நேரத்தில் எது சொன்னாலும் ஏறாது என்றுதான் எழுதி அனுப்புகிறேன். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் படியுங்கள்.

முதலில் டவர் விஷயத்தை முடித்துவிடுவோம். அவள் சொல்வது உடம்பில் இருக்கிற செல். அதற்கு வெளியிலிருந்து ஒரு தகவல் வருகிறது. அது எந்த வழியாக உள்ளே போகிறது, போய் எந்த மரபணுவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்பதுதான் பாடம்.

உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். வாடிக்கையாளர் வாசலில் நின்று அஞ்சு கிலோ துவரம்பருப்பு கேட்கிறார். அவர் உள்ளே வருவதில்லை. கல்லாவிலிருந்து நீங்கள் குரல் கொடுக்கிறீர்கள், பையன் உள்ளே ஓடுகிறான், ஆள் எடை போடுகிறார். தெருநாய் துரத்தும்போது ரத்தத்தில் கலக்கிற அட்ரினலினும் இப்படித்தான். கல்லீரல் செல்லுக்குள் அது நுழைவதே இல்லை. வெளிச்சுவரில் ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கும், அதைத் தொடுவதோடு சரி. உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு கடைப்பையனாக ஓடுகிறது. ஒரு நொதி, அதாவது வேலையை முடுக்கிவிடுகிற புரதம், இன்னொன்றைத் தட்டி எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, சேர்த்து வைத்த கிளைகோஜன் உடைந்து சர்க்கரையாக ரத்தத்தில் இறங்குகிறது. அதற்குள் நீங்கள் நாலு வீடு தாண்டி ஓடியிருப்பீர்கள். அந்தக் கடைப்பையனைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாண்டுக்கு 1971இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இது அலமாரியில் இருக்கிற சரக்கை எடுத்துக் கொடுக்கிற கணக்கு. சரக்கே இல்லாவிட்டால்? விருதுநகருக்கு ஆர்டர் போட வேண்டும், லாரி வர நேரம் ஆகும். மரபணு வெளிப்பாடு என்பது அந்த ஆர்டர். மரபணுவைப் படித்து, நகல் எடுத்து, புதிதாகப் புரதம் செய்வதற்குள் மணிக்கணக்காகிவிடும். கார்ட்டிசால் மாதிரிச் சில ஹார்மோன்கள் சொந்தக்காரர் போல நேரே உள்ளே வந்துவிடும். உள்ளே இருக்கிற ஏற்பியைக் கூட்டிக்கொண்டு மரபணுவிடமே போய் நிற்கும். நம் செல்களில் அநேகமாக ஒவ்வொன்றிலும் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் சுமார் 20,000 இருக்கின்றன. கல்லீரலிலும் அதே பேரேடுதான், மூளையிலும் அதே பேரேடுதான். எந்தப் பக்கத்தை யார், எப்போது திறக்கிறார்கள் என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

சரி, மேற்படிப்புக்கு யோசனை கேட்டு அவள் என் அலுவலகத்துக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் மச்சினரோடு வந்தாள். இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் மார்க்கைக் கடைசியில்தான் கேட்பேன். முதலில் ஒரு கேள்வி வைப்பேன். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் லாக் ஓபரான் என்று ஒரு மரபணுத் தொகுதி வருகிறது. நம் குடலில் இருக்கிற ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸும் பாலில் இருக்கிற லாக்டோஸும் சேர்த்துக் கொடுத்தால், முதலில் குளுக்கோஸைத்தான் தின்னும். அது தீர்ந்ததும் கொஞ்ச நேரம் வளராமல் நின்றுவிட்டு, பிறகுதான் லாக்டோஸுக்கு வரும். லாக்டோஸை உடைக்கிற நொதிகளை அதுவரை செய்யாமல் வைத்திருந்ததுதான் காரணம். அடக்கி என்ற புரதம் அந்த மரபணுக்களின் வாசலில் உட்கார்ந்து வழியை மறித்திருக்கும். லாக்டோஸ் வந்தால் எழுந்துவிடும். குளுக்கோஸ் இருக்கும்வரை இன்னொரு தடையும் உண்டு, அதை இங்கே விட்டுவிடுகிறேன். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ இருவரும் 1961இல் இதை எழுதினார்கள். நான்கே வருடத்தில் நோபல்.

இதுவரை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பித்துவிடுவார்கள். நான் கேட்டது வேறு. "ஒரு பாக்டீரியா லாக்டோஸே இல்லாதபோதும் அந்த நொதிகளைச் செய்துகொண்டே இருக்கிறது. அடக்கி கெட்டுப்போயிருக்கலாம். அடக்கி உட்காருகிற இடம் கெட்டுப்போயிருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகள் உடனே ஏதாவது சொல்லிவிடுவார்கள். இவள் பேசவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இரண்டு மூன்று நிமிடம் போனது. உங்கள் மச்சினர் என்னைப் பார்த்தார், நான் காபி சொல்லச் சொன்னேன். அப்புறம் அவள் கேட்டாள்: "சார், நல்ல அடக்கி மரபணு ஒண்ணை அதுக்குள்ள கூடுதலா வச்சுப் பாக்கலாமா?" ஏன் என்றேன். "எங்க கடையில ராத்திரி ஷட்டர் பூட்டுற பையன் வராட்டி, வேற ஆளை அனுப்பினாப் போதும், பூட்டிருவான். கொண்டியே பிஞ்சிருந்தா எத்தனை ஆளை அனுப்பினாலும் பூட்ட முடியாதுல்ல."

அண்ணாச்சி, ஜேக்கப்பும் மோனோவும் செய்த சோதனையே அதுதான். மரபணுத் தொகுப்பில் ஒரு பகுதியை மட்டும் இரட்டையாக வைத்திருக்கும் பாக்டீரியாவை உண்டாக்கிப் பார்த்தார்கள். கெட்டது அடக்கி என்றால், கூடுதலாக வந்த நல்ல அடக்கி மிதந்து போய்ப் பழைய வாசலிலும் உட்கார்ந்துவிடும். வாசலே கெட்டிருந்தால் ஒன்றும் மாறாது. இது பாடப்புத்தகத்தில் இல்லை. அவள் அதை உங்கள் கடை ஷட்டரிலிருந்து எடுத்தாள்.

அதனால் நான் சொல்வது இதுதான். மறுபடி ஒரு வருடம் நீட் கோச்சிங்குக்கு நாமக்கல்லுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு தடவை நீட் எழுதிவிட்டாள். அது நல்ல தேர்வா கெட்ட தேர்வா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. மூன்று மணி நேரத்தில் விறுவிறுவென்று குறித்துக்கொண்டே போகிற வேகம் அவளுக்கு இல்லை. நின்று யோசிக்கிற புத்தி இருக்கிறது. ஆராய்ச்சிக்கு அதுதான் முதல்.

"இதைப் படித்து யாருக்கு என்ன லாபம்" என்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சிஎம்எல் என்று ஒரு ரத்தப் புற்றுநோய். குரோமோசோம் என்பது மரபணுக்களைச் சுமக்கிற இழை. இந்த நோயில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதைக் கண்டறிந்தவர் சிகாகோவில் ஜேனட் ரௌலி, 1973இல். நான்கு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளுக்காக நீண்ட காலம் பகுதிநேரமாகவே வேலை பார்த்தவர், குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெட்டி அடுக்கிப் பார்த்தவர். அப்படி ஒட்டிய இடத்தில் ஒரு புதுப் புரதம் உண்டாகிறது. 'பெருகு' என்ற கட்டளையை அது நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வாடிக்கையாளரே இல்லாமல் கடைப்பையன் குடோனைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிற மாதிரி. அந்த ஒரு புரதத்தின் வாயை மட்டும் அடைக்கிற மாத்திரை இமாடினிப். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முன்பு சில வருடங்களில் ஆளைக் கொண்டுபோன நோயோடு இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு சென்னை முனையும் உண்டு. அந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று மறுப்பே நிலைத்தது. இந்தியக் கம்பெனிகள் தொடர்ந்து மலிவாக விற்க முடிந்தது. அந்த விண்ணப்பத்தைப் படித்து இது புதிது, இது பழசு என்று பிரிக்க, சிக்னல் பாதையும் வேதியியலும் தெரிந்த ஆள் வேண்டும். காப்புரிமை முகவர் தேர்வு எழுத அறிவியல் பட்டம் போதும். இப்படி ஒரு வேலை இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. இது போக, புற்றுநோய் மரபணுப் பரிசோதனைக் கூடங்கள், மரபணு ஆலோசனை, பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உயிரிமருந்து கம்பெனிகள், கணினியில் மரபணுத் தரவைப் பிரித்துப் பார்க்கும் வேலை என்று வழிகள் இருக்கின்றன. கணினி வேலைக்கு இப்போது நல்ல கிராக்கி. அவள் இப்போதே பைத்தான் என்ற கணினி மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

இனி கசப்பான பக்கம். மறைத்தால் நாளைக்கு என்னைத் திட்டுவீர்கள்.

நானும் எம்.எஸ்சி முடித்து ஒரு ஆய்வுக்கூடத்தில் இதே துறையில் இருந்தவன்தான். இன்சுலின் கொடுத்தால் ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். செல்லுக்குள் பாஸ்பேட்டை மாட்டுவதும் கழற்றுவதும்தான் சுவிட்ச். அது ஏறியிருந்தால் படத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும். நாலு மாதம் எனக்குப் பட்டை விழவே இல்லை. தினமும் காலை செல்லை உடைப்பேன், மறுநாள் மாலை வெற்றுப் படத்தைப் பார்ப்பேன். கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு பாட்டிலில் இருந்தது. செல்லை உடைத்த மறுநொடியே அதன் சொந்த நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றிப் போட்டுவிடும். அதைத் தடுக்க வனடேட் என்று ஓர் உப்புக் கரைசலைச் சேர்ப்பார்கள். அதைக் காய்ச்சி, மஞ்சள் போய்த் தண்ணீர் மாதிரி ஆன பிறகுதான் பயன்படுத்த வேண்டும். எங்கள் பாட்டில் மஞ்சளாகவே இருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டை விழுந்த அன்று சந்தோஷம் வந்திருக்க வேண்டும், எனக்கு அலுப்புதான் வந்தது. அன்றே தெரிந்துவிட்டது, இது என் வழி இல்லை என்று. என் கூட இருந்த பெண் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடுத்து இன்சுலின் அளவைக் குறைத்துப் பார்க்கலாமா" என்று கேட்டாள். அவள் பிஎச்.டி முடித்தாள்.

கால அளவையும் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி, எம்.எஸ்சி மாதிரி இரண்டும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ், அப்புறம் பிஎச்.டி ஐந்து ஆறு வருடம். முடிக்கும்போது முப்பதை நெருங்கியிருப்பாள். பிஎச்.டியின்போது சம்பளம் மாதிரி உதவித்தொகை உண்டு: தேர்வெழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. உங்களிடம் கை நீட்ட மாட்டாள். ஆனால் வீட்டுக்குப் பெரிதாக அனுப்பவும் மாட்டாள். கல்யாணப் பேச்சு நடுவில் வரும், அதை இப்போதே அவளோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். நான் அதில் தலையிட மாட்டேன்.

இப்போது வழி. அந்த பிஎஸ்-எம்எஸ் படிப்புக்கு ஐஐஎஸ்இஆர் என்ற மத்திய அரசு அறிவியல் நிறுவனம் ஏழு இடங்களில் இருக்கிறது. நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். அதற்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு: 60 கேள்விகள், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15. சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். நீட்டில் இல்லாத கணிதம் இதில் கால்பங்கு. அவள் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தது நல்லதாகப் போயிற்று, ஆனால் இரண்டு வருடமாகக் கணிதப் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டாள். எந்தெந்த வருடம் பாஸானவர்கள் எழுதலாம் என்று இந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அது கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ நல்ல எயிடட் கல்லூரியில் பி.எஸ்சி. மூன்று வருடம் ஒழுங்காகப் படித்துவிட்டு ஜாம், காட்-பி என்ற நுழைவுத் தேர்வுகளை எழுதி எம்.எஸ்சிக்குப் பெரிய இடத்துக்குப் போகலாம். இந்த வழியில் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டி 'பயோடெக்' பெயர்ப் பலகைக்காக மட்டும் பி.டெக் சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்ந்த பிள்ளைகளில் பலர் கடைசியில் சாஃப்ட்வேர் கம்பெனியில்தான் இருக்கிறார்கள். அதற்கு நேரே கம்ப்யூட்டரே படித்திருக்கலாம்.

எந்தக் கல்லூரியானாலும் ஆய்வுக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிஎன்ஏவை நகலெடுக்கிற பிசிஆர் மெஷினைப் பாருங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் பட்டன் மேல் அழியாமல் இருந்தால், அதை யாரும் தொடுவதில்லை என்று அர்த்தம். பயன்படுத்துகிற மெஷினுக்குப் பக்கத்தில் பெயரும் நேரமும் கிறுக்கிய ஒரு நோட்டு கிடக்கும்.

வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல் வாருங்கள். கடையைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும், இந்தத் தடவை மச்சினரை அனுப்ப வேண்டாம். மார்க் ஷீட் நகல் ஒன்று, அவளுடைய ப்ளஸ் டூ மேத்ஸ் நோட்டு, இரண்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். நோட்டை எங்கே பாதியில் விட்டிருக்கிறாள் என்று பார்த்து அங்கிருந்து தொடங்கலாம்.